விரல் நீளத் துண்டுகள்

குவேக்கர்ஸ் ஹில்
14.07.2024

அன்பு மகள் வினுஷாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நல்ல சுகம். குளிருக்கு முழங்கால் மட்டும் கொஞ்சம் முறுகுகிறது. இரத்தத்தில் சீனி எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஓடித் திரிகிறது. உன் சுகத்தையும் மருமகன் சுபாங்கனுடைய சுகத்தையும் விரிவாக எழுது.

கடிதத்தைக் கண்டு பயப்படாதே. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்து நீ மெல்பேர்ணுக்குத் திரும்பிய பிறகு ஆறு தடவை போனில் கதைத்திருக்கிறோம். ஆறு தடவையும் நான் "சாப்பிட்டியோ?" என்றேன், நீ "ஓம் அப்பா" என்றாய். பிறகு இரண்டு பேரும், அம்மா வந்து போனை வாங்கட்டும் என்று காத்திருப்பவர்களைப் போலச் சும்மா இருந்தோம். எனக்குப் போனில் கதை வராது, பிள்ளை. இந்த நாட்டில் இருபத்திரண்டு வருடம் தபால் பிரிக்கும் வேலை பார்த்தவன். ஊரில் உள்ளவர்களின் கடிதமெல்லாம் என் கையால் போனது. எனக்கென்று வந்தவை கரண்ட் பில்லும் வங்கிக்காரரின் பிறந்தநாள் வாழ்த்தும்தான். ஆகவே இனி எழுதுவோம். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கட்டுரைக்குக் கப் வாங்கின ஆள், சாட்டுச் சொல்லாதே.

இனி விஷயம். கனடாவிலிருந்து ராதா மாமி ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். வளவில் ஒரு கம்பிக் கூட்டுக்குள் பஞ்சை அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறார். ஹம்மிங் பேர்ட் என்ற பெருவிரல் அளவுக் குருவி ஒன்று அந்தரத்தில் நின்றபடி பஞ்சை நுள்ளி நுள்ளி எடுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டுகிறது. "தம்பி, உங்க ஒஸ்ரேலியாவில இப்பிடி ஒண்டு இருக்கோ?" என்று ஒரு கேள்வி வேறு. தன்னிடம் உள்ளது என்னிடம் இல்லை என்று காட்டினால்தான் என் அக்காவுக்குச் சாப்பாடு செமிக்கும்.

பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணனிடம் போனேன். திருச்சிக்காரர், வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றாத மனிதர். "ஹம்மிங் பேர்ட் இந்த நாட்டுலயே கிடையாது சார். ஆனா நம்ம வேலியோரப் பூச்செடிக்கு ஒண்ணு வருது பாருங்க, ஸ்பைன்பில். ஊசி மாதிரி வளைஞ்ச மூக்கு. அதுவும் தேன் குடிக்கிற ஜாதிதான். ஆகஸ்ட்ல கூடு கட்ட ஆரம்பிச்சுடும்" என்றார். ஊர்த் தேன்சிட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள். அம்மா குசினியில் வெங்காயம் போட்டுத் தொங்கவிடும் கம்பிக் கூடையைக் கழுவி எடுத்திருக்கிறேன். மாமிக்கு நான் ஆர் என்று காட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் சிவமணி அன்ரி, "மகளுக்கு ஏதும் விசேஷம் இருக்கோ?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும் வேலை கூட, ஆறுதலாப் பாப்பினம்" என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

பதிலை எதிர்பார்க்கும்,
அன்பு அப்பா
தேவராஜா

*

ட்ருகனினா
28.07.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு அந்த எண்ணெயைப் பூசுகிறீர்களா, போத்தலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா?

கடித உறையில் உங்கள் எழுத்தைக் கண்டதும் உண்மையிலேயே பயந்துவிட்டேன். பிறகு வாசித்துச் சிரித்தேன். சுபாங்கனுக்கும் வாசித்துக் காட்டினேன். மாமிக்குச் சவால் விட ஒரு குருவியைப் பிடித்திருக்கிறீர்கள், அந்தக் குருவிக்கு இது தெரியுமா?

இங்கே குருவிக்கு வழியில்லை. புது வீட்டுத் திட்டம், தெருவில் நட்ட மரங்கள் இன்னும் என் இடுப்பளவுதான். பின் வளவில் பிளாஸ்டிக் புல். அதற்கப்பால் கிடங்குகள், லொறிகள். நான் வேலை செய்யும் மருந்துக் கிடங்குக்குக் காரில் ஏழு நிமிடம். இப்போது விடிய ஐந்தரைக்கே எழும்புகிறேன், சில அலுவல்கள் இருக்கின்றன.

சிவமணி அன்ரிக்கு நீங்கள் சொன்னது சரி. விசேஷம் ஒன்றும் இல்லை.

அப்பா, ஒரு விஷயம். அம்மாவின் அலுமாரியை நீங்கள் தனியாகத் திறந்து கஷ்டப்பட வேண்டாம். நான் வரும்போது இரண்டு பேருமாகச் செய்வோம். அதுவரை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

அன்பு மகள்
வினுஷா

*

குவேக்கர்ஸ் ஹில்
01.09.2024

அன்பு மகளுக்கு,

சுகமே எழுதுகிறேன், அதைவிடச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இன்று இங்கே தந்தையர் தினம். காலையில் நீ போன் எடுத்தது சந்தோஷம். மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் லொறிச் சத்தம்.

பிள்ளை, அப்பா வென்றுவிட்டேன். ஆறு கிழமை படாத பாடு. முதலில் பார்மசிப் பஞ்சு வைத்தேன், சீண்டவில்லை. பிறகு முற்றம் கூட்டுகிற தும்புக்கட்டையிலிருந்து தும்பு பிடுங்கி வைத்தேன். அதை ஒரு பெரிய சாம்பல் குருவி வந்து கொத்திக் கொத்தி எறிந்துவிட்டுப் போனது. உடுப்புக் காயவைக்கும் மெஷினில் சேர்கிற பஞ்சை வைத்தபோது கோபாலகிருஷ்ணன் வேலிக்கு மேலால் கத்தினார். "அது வேணாம் சார்! ஒரு மழை வந்தா கூடே கரைஞ்சு போயிடும். நல்ல பழைய பருத்தித் துணி இருந்தா நூல் பிரிச்சுப் போடுங்க. விரல் நீளத்துக்கு மேல போகக்கூடாது, குஞ்சு கால்ல சுத்திக்கும்."

பழைய பருத்திக்கு எங்கே போவது? என்னுடையதெல்லாம் பொலியெஸ்டர். ஆகவே அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். நீ சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் நீ வந்து திறந்து அழுவதைப் பார்ப்பதைவிட நான் முதலில் ஒருமுறை திறந்து பழகிவிடுவது நல்லது என்று நினைத்தேன். சேலை ஒன்றையும் தொடவில்லை. கடைசித் தட்டில் ஒரு தலையணை உறைக்குள் பழந்துணிக் கட்டு ஒன்று. என்னுடைய பழைய வேட்டிகள், அவளுடைய நைந்த நூல் சேலைகள், எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டித் தோய்த்து மடித்திருந்தது. உன் அம்மா ஒரு துணியை எறிய மாட்டாளே! குசினி துடைக்கச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று சிரிப்பு வந்தது. தொட்டால் வெண்ணெய் மாதிரி.

இரண்டு பின்னேரம் கதிரையைப் போட்டு இருந்து அநேகமாக எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கினேன். நூல் பிரித்தேன். கூடையில் அடைத்துத் தொங்கவிட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, வந்ததே! அந்தரத்தில் நின்று, சிறகு தெரியாத வேகத்தில் அடித்து, ஒரு நூலை இழுத்தது. பிறகு இன்னொன்று. வேலிக்கரைப் பற்றைக்குள்தான் கூடு. முழு வேலையும் பெண்தான் செய்கிறது. ஆண் கம்பியில் இருந்து பாட்டு. அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீடியோவை மாமிக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. எரிச்சலாக இருக்கும்.

வெற்றிக் களிப்பில்,
அப்பா

*

(அனுப்பாமல் மேசை லாச்சியில் வைத்தது)

ட்ருகனினா
09.09.2024

அப்பா,

அது குசினி துடைக்கிற துணி இல்லை.

நாங்கள் சிகிச்சை தொடங்கிய வருடம் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். "பிள்ளை பிறக்க முதல் ஒண்டும் வாங்கக் கூடாது. பழந்துணி எண்டா வாங்கினதாகாது" என்று சொல்லி அம்மா அதைச் சேர்க்கத் தொடங்கினார். புதுத் துணி பச்சைக் குழந்தையின் உடம்பில் உரசுமாம், என்னையும் உங்கள் வேட்டியில்தான் சுற்றி எடுத்தார்களாம். ஒவ்வொரு துண்டாகத் தோய்த்து, வெயிலில் போட்டு, போனில் எனக்குக் காட்டுவார். "கொப்பாவுக்குச் சொல்லாதை. அந்த மனிசன் சந்தோஷத்தில எல்லாருக்கும் சொல்லிக் கோயில் முழுக்கத் தேர் இழுத்துப்போடும்" என்று சிரிப்பார். இரண்டு வருடத்துக்கு முதல் அம்மா பத்து நாள் இங்கே வந்து நின்றது வீடு மாறுவதற்கு உதவ இல்லை. முதலாவது முறை தவறிப்போனது அப்போதுதான். இரண்டாவது தவறியபோது அம்மா இல்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் என் முட்டைகளை எண்ணுகிறார்கள், அப்பா. என்னிடமிருந்து பதினொன்று எடுத்தார்கள். மூன்றுதான் கருவாகித் தேறின. கடைசி ஒன்றை வருகிற திங்கட்கிழமை உள்ளே வைக்கிறார்கள். அதற்காகத்தான் விடிய எழும்பி ஊசி போடுகிறேன். உங்களுக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது? நீங்கள் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வருடமாக இருந்ததில்லை. அந்தத் துணியை நான் வந்து எடுப்பேன் என்று நினைத்திருந்தேன். ஒரு பிள்ளையோடு வந்து எடுப்பேன் என்று நினைத்திருந்தேன்.

இதை அனுப்ப மாட்டேன்.

*

ட்ருகனினா
10.09.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. குருவி நூல் எடுத்தது சந்தோஷம். இங்கே வேலை கொஞ்சம் கூட. ஆறுதலாக எழுதுகிறேன்.

அன்பு மகள்
வினுஷா

*

குவேக்கர்ஸ் ஹில்
06.10.2024

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உன் சுகத்தை நான்கு வரியில் கண்டேன். அந்தக் காலத்துத் தந்தி இதைவிட நீளம், மகளே. அதற்குச் சொல்லுக்குச் சொல் காசு. நீ யாருக்குக் கட்டப் பயந்தாய்?

இங்கே பெரிய செய்தி. இரண்டு முட்டை! கோபாலகிருஷ்ணன் ஒரு தடியில் போனைக் கட்டி, தாய்ப்பறவை தேனுக்குப் போன நேரம் அரை நிமிடம் எட்டிப் படம் எடுத்தார். அதற்கு மேல் கிட்டப் போகக் கூடாதாம். கூடு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. வெளியில் மரப்பட்டை, சிலந்தி வலை. உள்ளுக்கு முழுக்க எங்கள் துணி நூல். அம்மாவின் அந்த நீலச் சேலை உனக்கு நினைவிருக்கிறதா, நீ இந்த நாட்டுக்கு வந்து இறங்கின வருடம் ஹோம்புஷில் வாங்கினது? அதன் நூல்தான் முட்டையைச் சுற்றி இருக்கிறது. படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, பிள்ளை. அவள் கையால் ஒரு குஞ்சு வளரப் போகிறது என்று நினைத்தேன்.

படத்தை உனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. ஒரு சொல்லும் வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. மருமகனுக்கு என் அன்பு.

அப்பா

*

குவேக்கர்ஸ் ஹில்
20.10.2024

அன்பு மகள் வினுஷாவுக்கு,

எனக்குச் சுகம்தான். டொக்டர் மட்டும் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். உனக்குச் சுகமா? இந்தத் தடவை இதை முறைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகக் கேட்கிறேன்.

ஐந்து கிழமைக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் எடுத்தால் "பிறகு கதைக்கிறன் அப்பா" என்கிறாய். சுபாங்கனுக்கு எடுத்தால் அவர் "அவ படுத்திருக்கிறா மாமா" என்கிறார். பின்னேரம் நான்கு மணிக்கு என்ன படுக்கை? நான் ஏதாவது பிழையாக எழுதிவிட்டேனா? அம்மா இருந்தால் உன் குரலைக் கேட்டே சொல்லியிருப்பாள். நான் கடிதங்களை முகவரி பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

தபால்காரர் இங்கே மோட்டார் சைக்கிளில் பதினொரு மணிக்கு வருவார். பத்தரைக்கே போய் முன்வாசலில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அவர், "நோ லவ் லெட்டர் டுடே, மேட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு என்ன எழுத? ஒரு குஞ்சு பொரித்துவிட்டது. மற்ற முட்டை அப்படியே கிடக்கிறது. "அது கூமுட்டை சார், இனிமே பொரிக்காது" என்று கோபாலகிருஷ்ணன் சொல்கிறார். தாய்க்கு அது விளங்கவில்லை. இன்னும் அதன்மேல்தான் வந்து வந்து இருக்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

எழுது, பிள்ளை. ஒரு வரியாவது.

அப்பா

*

குவேக்கர்ஸ் ஹில்
10.11.2024

என் பிள்ளைக்கு,

சுகம் கேட்கும் தகுதி எனக்கு இன்று இல்லை. ஆனாலும் நீ சுகமாக இருக்க வேண்டும்.

குஞ்சு பறந்துவிட்டது. கூடையைக் கழற்றித் துப்புரவாக்கிக்கொண்டு நின்றேன். கோபாலகிருஷ்ணனின் மனைவி கிரிஜா வடை கொண்டுவந்தார். மேசையில் நான் வெட்டாமல் விட்ட ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவ்வளவு மெத்துனு! யாருக்கு அண்ணா, பொண்ணுக்கா? சொல்லவே இல்லையே! எங்க வீட்லயும் குழந்தைக்குப் பழைய வேஷ்டியைத்தான் இப்படிச் சதுரமா கிழிச்சு வைப்போம்" என்றார்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். கிரிஜா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

எனக்குத் தெரியாத முறையா இது? உன்னை ஆஸ்பத்திரியில் இருந்து என் வேட்டித் துண்டில் சுற்றித்தானே கொண்டுவந்தேன். அந்தத் துணியைக் கையில் எடுத்தேன், வெண்ணெய் மாதிரி என்று எழுதினேன், பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். இரண்டு பின்னேரம், பாட்டுக் கேட்டுக்கொண்டு. உன் நான்கு வரிக் கடிதத்துக்கு நக்கல் வேறு அடித்தேன்.

பிள்ளை, மன்னித்துக்கொள். வேலிக்கரைப் பற்றையடிக்குப் போய் நின்றேன். கூட்டிலிருந்து அந்த நூல்களை எடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்து என்ன செய்ய, விரல் நீளத் துண்டுகளை?

ஹோம்புஷில் இறங்கித் தமிழ்க் கடையில் நான்கு பருத்தி வேட்டி வாங்கிவந்திருக்கிறேன். புதுசு முரடு. உடுத்துத் தோய்த்து உடுத்துத் தோய்த்துத்தான் அந்தப் பதம் வரும். இன்றிலிருந்து வீட்டில் நான் வேட்டிதான் உடுப்பேன். "என்ன சார், பொங்கல் இப்பவே வந்துடுச்சா?" என்று கோபாலகிருஷ்ணன் கேட்டார். ஓம் என்று சொன்னேன். ஒரு வருடமோ இரண்டு வருடமோ, நீ எப்போது கேட்டாலும் தயாராக இருக்கும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்.

அப்பா

*

ட்ருகனினா
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்குச் சுகம். இவ்வளவு நாளும் எழுதாததற்கு மன்னியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறேன். எங்களுக்குத் தானாகப் பிள்ளை தங்காது. மூன்று முறை சிகிச்சை செய்தோம். மூன்றும் தவறிவிட்டது. கடைசி முறை செப்ரெம்பரில். உங்கள் இரண்டு முட்டைப் படம் வந்தது, எனக்கு முடிவு சொல்லி ஐந்தாம் நாள். அம்மாவுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார், சந்தோஷத்தில் கோயில் முழுக்கத் தேர் இழுத்துவிடுவீர்கள் என்று. பிறகு அம்மா போய்விட்டார். அதன் பிறகு குருவி தலையில் பனங்காய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

துணிக் கடிதம் வந்த அன்று உங்களில் எனக்குப் பொல்லாத கோபம். தொடாதீர்கள் என்று சொல்லியும் தொட்டீர்கள் என்று சுபாங்கனிடம் கத்தினேன். ஆனால் ஒன்றை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பா. கொஞ்ச நாள் போக ஒரு ஆறுதலும் வந்தது. திவசத்துக்கு வந்தபோது அந்த அறைக்குள் நான் போகவே இல்லை, கவனித்தீர்களா? அந்தக் கட்டு அங்கே ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் வெறுமனே வந்தேன். இனி அது இல்லை. அது ஒரு குஞ்சுக்காவது உதவியது. நீங்கள் அழ வேண்டாம்.

நாங்கள் நிறுத்திவிட்டோம். இனி இல்லை. இது சுபாங்கனும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. ஆகவே அப்பா, அந்த வேட்டிகளை இதற்காக உடுக்க வேண்டாம். நேர்த்தி வைக்க வேண்டாம். வேறு டொக்டர், வேறு கோயில், தத்தெடுப்பு என்று எழுத வேண்டாம். எல்லோருடைய நம்பிக்கையையும் சுமந்து களைத்துப்போனேன். அம்மாவுடையதைக்கூட.

சிவமணி அன்ரி கேட்டால் நீங்கள் சொன்னதையே சொல்லுங்கள்.

வினுஷா

*

குவேக்கர்ஸ் ஹில்
08.12.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதிலுக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றில் வேறு டொக்டர் இருந்தது. ஒன்றில் காவடி இருந்தது. மற்ற இரண்டிலும் நான் அழுதது மட்டும் இருந்தது. நான்கையும் கிழித்துவிட்டேன். வேட்டிகளைத் தோய்த்து மடித்து வைத்துவிட்டேன். நம்பிக்கையை அப்படி மடித்து வைக்க எனக்குத் தெரியவில்லை, ஆனால் அதை உன் தலையில் வைக்க மாட்டேன்.

அம்மாவோடு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். எனக்கு மறைத்துவிட்டாளே என்று படத்துக்குப் பூ வைக்கவில்லை. பின்னேரம் யோசித்தால், அவள் சொன்னது நியாயம். நான் தேர்தான் இழுத்திருப்பேன். பூ வைத்துவிட்டேன்.

உனக்கு ஒரு உண்மை சொல்கிறேன். எனக்குக் குருவியில் பெரிய ஆசையெல்லாம் இல்லை. எழுத வேறு ஒன்றும் இருக்கவில்லை. காலையில் எழும்புகிறேன், தேத்தண்ணி போடுகிறேன், செய்தி பார்க்கிறேன், பொழுது படுகிறது. அதை எத்தனை கடிதத்தில் எழுதுவது? குருவியைப் பற்றி எழுதினால் நீ பதில் எழுதுவாய் என்று நினைத்தேன். உன் எழுத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அந்த ஆசையில் உனக்கு ஒவ்வொரு கடிதத்திலும் முள்ளை வைத்து அனுப்பியிருக்கிறேன்.

போன கிழமை டொக்டர் எனக்கு இன்சுலின் எழுதித் தந்தார். நாளுக்கு ஒன்று, வயிற்றில். நேர்ஸ் பிள்ளை பழக்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் தனியாகப் போட வேண்டியிருந்தது. சேர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, குசினிக் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்தேன், பிள்ளை. எழுபது வயதுக் கிழவன், குத்தத் துணிவு வரவில்லை. அப்போதுதான் உன் நினைவு வந்தது. விடிய ஐந்தரைக்கு எழும்புகிறேன், அலுவல் இருக்கிறது என்று ஆடியில் எழுதியிருந்தாயே. அது இதுதானே? மூன்று முறை என்றால் எத்தனை விடியல்?

நீ மூன்று முறை தவறியதைச் சொன்னாய். நான் என் பிழையைச் சொன்னேன், என் அழுகையைச் சொன்னேன். உன்னிடம் ஒன்றைக் கேட்கவே இல்லை. சின்ன வயதில் நீ சைக்கிளால் விழுந்தால்கூட அதைத்தான் முதலில் கேட்பேன்.

நொந்ததோ, பிள்ளை?

அப்பா

*

ட்ருகனினா
15.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிடங்கு வாசலில் காருக்குள் இருந்து வாசித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. காருக்குள்ளேயே இருந்தேன்.

நொந்தது அப்பா. நல்லாய் நொந்தது.

ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம். முதல் முறை சுபாங்கன் போட்டுவிட்டார், அவருக்கு என்னைவிடப் பயம் என்பதால் பிறகு நானே போட்டேன். வயிறு முழுக்க நீலம் நீலமாக இருக்கும். அந்த இடத்தில்தான் வேலைக் காற்சட்டையின் பட்டி உரசும். முட்டை எடுத்த அன்று நிமிர்ந்து நடக்க முடியவில்லை, அடுத்த நாள் வேலைக்குப் போய் வயிற்றுப்போக்கு என்று சொன்னேன். கடைசி முறை முடிவு சொல்ல அவர்கள் போன் எடுத்தபோது இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். "ஐ ஆம் சோ சொறி" என்றாள் அந்தப் பெண். நான் "தட்ஸ் ஓகே" என்று சொல்லிவிட்டு மிச்சப் பெட்டிகளை ஸ்கான் பண்ணினேன். எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று இரண்டு மாதம் யோசித்தேன்.

எல்லோரும் என்னிடம் சரிவந்ததா என்றுதான் கேட்டார்கள். டொக்டர், சுபாங்கனின் அம்மா, எங்கள் அம்மா, நானும்கூட. உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாசித்ததும் வந்த அழுகை இன்னும் முழுதாக நிற்கவில்லை. அதற்காகப் பயந்துவிடாதீர்கள். இது நல்லது என்று நினைக்கிறேன்.

சுபாங்கன் உங்களுக்கு இருபத்தொன்றாம் திகதிக்கு விமான ரிக்கெற் போட்டிருக்கிறார். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். விடியப் போடும் ஊசியை இங்கே நான் போட்டுவிடுகிறேன், எனக்கு நல்ல பழக்கம்.

மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நீங்கள் இப்போதே மிளகாய்த்தூள், முறுக்கு, எள்ளுருண்டை என்று கட்டத் தொடங்குவீர்கள். வேண்டாம் அப்பா. இந்த வீட்டுக்குள் எல்லோரும் எதையாவது கொண்டுதான் வந்தார்கள், அம்மாவும்தான். நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள். வாசலில் எனக்கு அந்த இரண்டு கையும் வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் பிள்ளை
வினுஷா